ஐந்தரை வருசம், ஒரே ஒரு பூந்தண்டு

கோண்டாவில் மச்சாள் நேற்று போன் எடுத்துக் கேட்டா: "மருமகன் நுவரெலியா போறான். உங்களிட்ட நிக்கிற சிம்பிடியம் ஓர்கிட் மாதிரி ஒண்டு வாங்குவிக்கட்டோ?" அதன் சாடியை வெட்டிய கை நோ எனக்கு இன்னும் மாறவில்லை. அதனால் கொஞ்சம் காரமாகத்தான் பதில் சொல்லிப்போட்டேன்.

2020 தையில், பூவோடேயே வாங்கி வந்தது. இளம்பச்சை இதழ், சிவப்புப் புள்ளி போட்ட உதடு. உதடு வள்ளம் மாதிரி வளைந்திருக்கும். கிரேக்கத்தில் வள்ளத்தைக் குறிக்கும் சொல்லில் இருந்துதான் பெயரே வந்தது. காலையில் விரிந்த செவ்வரத்தை பின்னேரம் சுருங்கிற முற்றத்தில் அந்தப் பூ ஐந்து கிழமை நின்றது. நான் அதில்தான் ஏமாந்தேன்.

அதோடு சரி. பிறகு இலை, இலை, இலை. செத்தாலாவது அள்ளி எறியலாம், சாகவும் மாட்டுதாம். மலைநாட்டுக் கலப்பினம் பூந்தண்டு விடுவதற்கு இரவுக் குளிர் 10 முதல் 14 பாகை வரை, அதுவும் கிழமைக்கணக்காக வேணும். இங்கே யாழ்ப்பாணத்தில் மார்கழியிலும் 20க்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஒரு மார்கழி முழுக்க இரவிரவாக ஐஸ் தண்ணி ஊத்தினேன். "பூக்கண்டுக்கு ஐஸ், எனக்கு ஒரு தேத்தண்ணி இல்லை" என்று இவர் புறுபுறுத்ததுதான் மிச்சம். குளிர வேண்டியது காற்று; நான் குளிரவைத்தது வேரை.

கிணத்துத் தண்ணி இன்னொரு கதை. எங்கள் சுண்ணாம்புத் தண்ணி கேத்தலில் படிகிற மாதிரியே இலையிலும் வெள்ளையாகப் படிந்து, நுனி கருகத் தொடங்கியது. இப்போது ஐப்பசி, கார்த்திகை மழையைப் பீலியால் பிடித்து மூடிவைத்து, அதைத்தான் விடுகிறேன். எங்களுக்கே அந்த மரியாதை இல்லை.

போன வெள்ளி வேர் நெருக்கி பிளாஸ்டிக் சாடி வெடித்துவிட்டது. கத்தியால் பிளந்து பார்த்தால் நல்ல வேர் வெள்ளையாக, சுண்டுவிரல் மொத்தத்தில், அமத்தினால் இறுக்கமாக இருக்கிறது. அழுகினதை இழுத்தால் தோல் கழன்று நூல் மட்டும் கையில் நிற்கும். இலை இல்லாத பழைய குமிழ்த்தண்டு ஒன்றை எறியப் போனேன். அடியில் பார்த்தால், பச்சை அரிசி மாதிரி ஒரு முளை. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இருந்ததில் அடுப்பில் சோறு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை.

மூன்று துண்டாக்கி, மரக்கரியும் தேங்காய்ப் பொச்சுத் துண்டும் போட்டு நட்டு, மாமரத்தடியில் வைத்திருக்கிறேன்.

மச்சாள், வாங்காதேங்கோ. காசுக்கு நட்டம். யாழ்ப்பாணத்துக்கு டென்ரோபியம் ஓர்கிட் போதும், கேட்காமலே பூக்கும். என்னட்டை இருக்கிற மூன்றில் ஒன்றைத் தாங்கோ என்றும் கேட்கக் கூடாது. தரமாட்டேன்.