சிறிய பேண்ட்சாவின் வைஸ்: ஒரு குறையும் ஒரு போல்ட்டும்

வீட்டுப் பட்டறைக்கென விற்கப்படும், 4-க்கு 6 அங்குலம் வரையிலான துண்டுகளை அறுக்கும் பேண்ட்சா (வளையமாக ஓடும் பட்டைப் பிளேடு கொண்ட ரம்பம்) ஒன்றை இரும்பு அறுப்பதற்காக ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். மோட்டாரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனுடன் வரும் வைஸை, அதாவது அறுக்கும் துண்டை இரு தாடைகளுக்கு இடையே இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பானைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. கோணவெட்டுக்காக அதன் அசையும் தாடை ஒரே போல்ட்டின் மீது சுழலும்படி அமைந்திருப்பதால், பிளேடு பக்கமாகக் குட்டைத் துண்டு ஒன்றை வைத்து இறுக்கும்போது, தாடையின் வெறும் முனை உள்ளே சாய்ந்து, துண்டின் ஓரத்தை மட்டுமே பிடிக்கிறது. முதல் வாரத்திலேயே அப்படி ஒரு துண்டு திரும்பிக்கொண்டதில் பிளேடின் நான்கு பற்கள் உதிர்ந்தன.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு தேவையில்லை. அந்த வெறும் முனையில் 8.5 மி.மீ. துளையிட்டு, 10 மி.மீ. மரை வெட்டி, நீளமான போல்ட் ஒன்றைச் செலுத்தினேன். துண்டின் அகலத்துக்கு ஏற்ப அது எதிர்த் தாடையில் முட்டும்வரை திருகி, நட்டால் பூட்டி, பிறகு வைஸை இறுக்கினால், இரு தாடைகளும் இணையாகவே நிற்கின்றன. வார்ப்பிரும்பில் மரை எளிதாக ஏறுகிறது. கரித்தூள்தான் நகக்கண் வரை அப்பிக்கொள்கிறது. வேலை முடிய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது அரை அங்குலத் துண்டும் அசையாமல் நிற்கிறது.

பேண்ட்சாவை நிமிர்த்தி வைத்து அறுப்பதற்குத் தரப்படும் தகரமேசை, கை அழுத்தத்துக்கே வளைகிறது. அதைக் கழற்றிவிட்டு 6 மி.மீ. தகடு பொருத்திவிட்டேன்.