சமய ஒழுக்கமா, தத்துவ அறமா?

களியக்காவிளைப் பக்கம் பிள்ளை வளர்ப்பவர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: வேதபாடம், மதரசா, தேவார வகுப்பு என்று அனுப்பினால் போதுமா, இல்லை "ஏன்?" என்று கேட்டு யோசிக்கப் பழக்கணுமா?

நல்லது கெட்டது எங்கிருந்து வருகிறது?
சமயம்: இறைவன் வாக்கு, முன்னோர் வழக்கம்.
தத்துவம்: காரணம். நீ செய்வதை எல்லோருக்கும் விதியாக்கலாமா என்று 1785இல் ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட் வைத்த சோதனை ஓர் உதாரணம்.

பழக எளிதா?
சமயம்: ஐந்து வயதுப் பிள்ளைக்கும் கதையாக, நோன்பாக உள்ளே இறங்கும்.
தத்துவம்: நாளாகும்.

தவறைத் திருத்துமா?
இதுதான் எனக்கு முக்கியம். திருவிதாங்கூரில் பல சாதியாருக்குக் கோயில் வாசலை மூடியதும் சமயத்தின் பெயரால்தான். இங்கிருந்து கிட்டத்தில் இருக்கும் அருவிப்புறத்தில், 1888இல், அப்படி ஒதுக்கப்பட்ட ஈழவ சாதியில் பிறந்த நாராயண குரு, தானே சிவலிங்கம் நிறுவி, சமயத்துக்குள் நின்றே அந்த வழக்கத்தை உடைத்தார். 1924இல், கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்க உரிமை கேட்ட வைக்கம் போராட்டத்துக்கு வந்த பெரியார், மனித சமத்துவத்தை வைத்து நியாயம் கேட்டார். 1936இல், எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்துவிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. இரண்டு பக்கத்துக் கையும் அந்தக் கதவைத் தள்ளியிருக்கிறது.

தெய்வம் விரும்புவதால் ஒன்று நல்லதா, நல்லது என்பதால் தெய்வம் விரும்புகிறதா? கிரேக்கத் தத்துவவாதி பிளேட்டோ எழுதிய உரையாடலில் அவர் குரு சாக்ரடீஸ் கேட்டது இது. பக்தியுள்ள வீட்டிலும் தைரியமாகக் கேட்கலாம்.

துக்க வீட்டில் தாங்கிப்பிடிக்க, சின்ன வயதில் பழக்கம் ஊன்ற, சமயம். கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் ஒரே தெருவில் இருக்கும் நம் ஊரில் பொதுவழக்கைப் பேசித் தீர்க்க, தத்துவம். பன்னிரண்டு வயதுக்கு மேல் பிள்ளைக்கு இரண்டும் கொடுங்கள்.