643001, 624101: இரண்டு மலைகளின் எண்கள்

உதகமண்டலத்தில் இருக்கும் நான் கொடைக்கானலில் வாழும் தங்கைக்கு மாதம் ஒரு கடிதம் போடுகிறேன். உறையில் பெறுநர் முகவரியின் கடைசியில் 624101. அனுப்புநர் முகவரியில் 643001. போன மழைக்காலத்தில் மின்சாரம் நின்ற ஒரு மாலை, மெழுகுவத்தி வெளிச்சத்தில் இந்த இரண்டு அஞ்சல் குறியீட்டு எண்களையும் வகுத்துப் பார்க்க உட்கார்ந்தேன்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இலக்கங்களின் கூட்டுத்தொகை இரண்டுக்கும் 14. 7-ஆல் வகுத்தால் இரண்டுக்கும் மீதி 2. இரண்டும் பகு எண்களே.

ஊட்டியின் எண் சீக்கிரமே உடைந்தது: 61 × 83 × 127. மூன்றும் வெவ்வேறு பகா எண்கள். எனவே வகுத்திகள் எட்டு. இதில் 127 தனிச்சிறப்பு உடையது. 2-இன் ஏழாம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் மெர்சென் பகா எண் அது.

கொடைக்கானலின் எண்ணோ 281 வரை பிடிகொடுக்கவில்லை. 281 × 2221, அவ்வளவுதான், வகுத்திகள் நான்கே. ஆனால் 790-ஐ 790-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 624100. ஆக, 624101 = 790² + 1²! 650² + 449² என்றும் அதை எழுதலாம்; தாளில் கூட்டிச் சரிபார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. 281, 2221 இரண்டும் 4-ஆல் வகுக்க மீதி 1 தருபவை என்பதால்தான் இப்படி இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதுவது கைகூடுகிறது. ஊட்டி எண்ணுக்கு அந்த வாய்ப்பே இல்லை. மீதி 3 தரும் 83 அதில் ஒரே ஒரு முறை காரணியாக வருகிறது. அது ஒன்றே தடைக்குப் போதும்.

சொந்த ஊரை விட்டுக்கொடுக்க மனமில்லைதான். ஆனாலும் அழகில் கொடைக்கானலே முந்துகிறது. தங்கைக்கு அடுத்த கடிதத்தின் முதல் வரியாக 790² + 1² என்று எழுதிவிட்டேன்.