தொடையில ராடு வெக்கறவங்க அந்த ராடு பாக்கெட்டு ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்க, எனக்கு 46,000 போச்சு

கை நடுக்கத்தோட டைப் பண்றேன், தப்பிருந்தா பொறுத்துக்குங்க. போன மாசம் எங்கய்யன் சென்னிமலை ரோட்டுல டிவிஎஸ் பிப்டில இருந்து விழுந்து தொடை எலும்பு நட்ட நடுவுல முறிஞ்சு போச்சு. ஈரோட்டுல ஒரு தனியார் ஆஸ்பத்திரில சேர்த்தோம். டாக்டர் ஆபரேசன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு. பொறவு வந்தான் இம்ப்ளான்ட் (எலும்புல வெக்கற ராடு, பிளேட்டு) சப்ளை பண்றவன்.

"ஏனுங்ணா, எங்கய்யனுக்கும் இதே தொடைதானுங்"னு பக்கத்துல உக்காந்து, டீ வாங்கிக் குடுத்து, போன்ல படம் காட்டி வெளக்குனான். பிளேட்டுன்னா தொடைய நீளமாக் கீறி எலும்பு மேல வெச்சு ஸ்குரூ முடுக்கோணும், ராடுன்னா இடுப்புப் பக்கம் சின்னதாக் கீறி எலும்புக்குள்ளயே எறக்கி மேலயும் கீழயும் ஸ்குரூ போட்டுருவாங்க, பெரும்பாலும் முறிஞ்ச எடத்தைத் தொறக்கவே வேண்டாம்னான். அதெல்லாம் நெசந்தான், அதனாலதான் ஏமாந்தேன். கடைசியா, "ஸ்டீல் ராடு உள்ள துருப் புடிச்சுருமுங்ணா, டைட்டானியம் போட்டுரலாம், 46,000 எச்சா ஆகும்"னான். மஞ்ச வித்த காசு, அவன் சொந்த நம்பருக்கே ஜிபே பண்ணுனேன், பில்லுன்னு துண்டுச் சீட்டு.

தையல் பிரிச்சதுக்கப்பறம் தம்பியோட கம்பெனி இன்சூரன்சுல ராடு பாக்கெட்டு ஸ்டிக்கர் கேட்டாங்க. ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டைப் பாத்தா, அதுல ஒட்டியிருந்த ஸ்டிக்கர்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு போட்டுருக்குது!

ஆஸ்பத்திரில கேட்டா "அது உங்களுக்கும் அவருக்கும் உள்ளதுங்க". மறுநாளு மேனேஜர் லீவு. அதுக்கு மறுநாளு "கால் நல்லாத்தான இருக்குது?"ன்னு தாட்டி விட்டுட்டாங்க. அவனைக் கேட்டா, "டைட்டானியம்னு சொல்லலீங்ணா, குவாலிட்டி ராடுன்னுதான் சொன்னேன்"ங்கறான். 46,000ங்க, குவாலிட்டியாம்!

எங்க மாமன் ஒருத்தரு காந்தம் வெச்சுப் பாக்கலாம்னாரு, வெச்சோம், ஒட்டலை, டைட்டானியம்தான்னு ஒரு நாளு சந்தோசமாக் கூட இருந்தோம். அப்பறம் வேற டாக்டர்தான் சிரிச்சாரு, ஆபரேசன் ஸ்டீலும் காந்தத்துல ஒட்டாதாம், அது ஒண்ணும் கெட்டதில்ல, வருசக்கணக்கா வெக்கறாங்க, எலும்பு கூடிக்கும்னாரு. அய்யன் காலுக்குக் கொறையில்ல. ஸ்டீலுக்கு டைட்டானியம் காசு வாங்குனதுதான் வவுறெரியுது.

விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், முடியல. ராடா பிளேட்டான்னு டாக்டர் வாயால கேளுங்க, வராண்டால வர்றவன்கிட்ட கேக்காதீங்க. தனி நம்பருக்குப் பணம் போடாதீங்க, ஜிஎஸ்டி பில் கேளுங்க. ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வெச்சுக்குங்க.

இன்னைக்குப் பொழுதோட மறுக்காவும் கூப்புட்டேன். "ஏனுங்ணா"ன்னான், எங்குரலுன்னு தெரிஞ்சதும் கட் பண்ணிட்டான். நாளைக்கு மாமனைக் கூட்டிட்டு நேராப் போறேன்.