மழையில் மஞ்சளாகும் அவரைக்கு டிரைக்கோடெர்மா விரிடி: வாங்கலாமா?

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். மஞ்சளடித்து நிற்கிற அவரை உடனே பச்சையாக வேண்டும் என்று டிரைக்கோடெர்மா விரிடி என்கிற இந்த நல்ல பூஞ்சைப் பொடியை வாங்கினால் ஏமாற்றம்தான். வேரழுகல் பரவாமல் இருக்கணும், இன்னும் நன்றாக நிற்கிற கொடிகளைக் காப்பாற்றணும் என்றால் தாராளமாக வாங்கலாம்.

கடலூரில் ஐப்பசி, கார்த்திகை எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது கொட்டிய மழை ஒரு பக்கம் இருக்கட்டும், சாதாரண வருஷத்திலேயே கெடிலம் ஆற்றோரக் களிமண்ணில் தேங்கிய தண்ணீர் லேசில் இறங்காது. ஆடிப் பட்டத்தில் போட்ட பந்தல் அவரை பூவெடுக்கத் தயாராகிற நேரத்தில்தான் இந்த அடைமழை வரும், அடி இலையிலிருந்து மஞ்சள் ஏற ஆரம்பிக்கும்.

முதலில் போன உரக்கடையில் செடியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் யூரியாவும் ஏதோ டானிக்கும் எடுத்து வைத்தார்கள். வாங்காமல் வந்துவிட்டேன். மஞ்சக்குப்பத்தில் இன்னொரு சின்னக் கடைக்காரர், "வேரோட ஒரு செடி பிடுங்கிட்டு வாங்கக்கா, அப்புறம் பேசலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

கொண்டுபோன செடியின் மண்ணை அலசிவிட்டு, வேரில் இருந்த முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிக் காட்டினார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேர் முடிச்சு வேலை செய்கிறது, காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக் கொடுக்கிறது என்று அர்த்தம். என் செடியில் பாதி முடிச்சு சிவப்பு, பாதி பழுப்பு. மண்ணில் தண்ணீர் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காது, முடிச்சும் செத்துப்போகும், அதனால்தான் மஞ்சள். தண்டின் அடிப்பகுதி வெள்ளையாக உறுதியாக இருந்ததால் அழுகல் இன்னும் வரவில்லை என்றார். அங்கே பழுப்பாகி, தோல் கையோடு உரிந்து வந்தால் அந்தச் செடியை விட்டுவிட வேண்டியதுதான், எந்தப் பொடியும் அதை எழுப்பாது. இலையில் பளீரென்று மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாக இருந்தால் கதையே வேறு. அது வெள்ளை ஈ பரப்புகிற மஞ்சள் தேமல் நோய், பிடுங்கி அழிக்கணும்.

முதலில் தண்ணீரை வடிய விடுங்கள், பொடி அப்புறம் என்றுதான் அவரே சொன்னார். சரியான பேச்சு. டிரைக்கோடெர்மா நல்ல பூஞ்சை, அதற்கும் காற்று வேணும், சேற்றில் கொட்டினால் வீண். வாய்க்கால் வெட்டி, தூரில் மண் அணைத்தோம். ஒரு கிலோ பொடிக்கு 20 கிலோ மக்கிய தொழு உரம் என்ற கணக்கில் கலந்து, லேசாக ஈரம் தெளித்து, நிழலில் ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்தோம். சில நாளில் உரத்தின் மேல் வெள்ளையும் பச்சையுமாகப் படர்ந்தது, அதை அள்ளித் தூரில் போட்டோம்.

மஞ்சளான பழைய இலைகள் எதுவும் பச்சையாகவில்லை, உதிர்ந்தே போயின. ஆனால் புதுத் துளிர் நல்ல பச்சையாக வந்தது. அது வடிகாலால் வந்ததே தவிர, பொடிக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க மாட்டேன். பொடி போட்ட வரிசையில் அதற்குப் பிறகு ஒரு கொடியும் அழுகிச் சாயவில்லை, போடாத ஓரத்தில் இரண்டு மூன்று போனது. அதனால்தான் எனக்கு இதில் நம்பிக்கை.

குறை என்றால் பொட்டலம்தான். காலாவதித் தேதி பொடி எழுத்தில், பாதி அழிந்து கிடக்கிறது. உள்ளே இருப்பது உயிர், பழசாகிவிட்டால் வெறும் மாவுதான் மிஞ்சும். தேதி தெளிவாகத் தெரியாத பாக்கெட்டை வாங்காதீர்கள், வெயிலில் அடுக்கி வைத்திருக்கிற கடையிலும் வேண்டாம். கார்பன்டாசிம் மாதிரி பூஞ்சைக்கொல்லி ஊற்றிய கையோடு இதைப் போடக் கூடாது, அது இதையும் சேர்த்துக் கொன்றுவிடும். மீந்த பொடியை அடுத்த விதைப்புக்கு, கிலோ விதைக்கு 4 கிராம் என்று விதையில் கலந்து விதைக்கிற விதை நேர்த்திக்கு வைத்துக்கொள்ளலாம், காலாவதி ஆகாமல் இருந்தால்.