அம்மாவுக்கு இரண்டு அட்டை: முதலமைச்சர் காப்பீடும் இ.எஸ்.ஐ.யும்

பவானியில் ஜமுக்காளத் தறியில் உழைத்து ஓய்ந்த என் அம்மாவுக்கு இரண்டு அரசுத் திட்டங்களில் இடமுண்டு. தனிக் குடும்ப அட்டையும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்பதற்கான கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் இருப்பதால், ஆயுஷ்மான் பாரத்துடன் இணைத்து நடத்தப்படும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒன்று. திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்தம் செய்யப்படுவதால், என்னைச் சார்ந்த தாய் என்ற முறையில் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடு மற்றொன்று.

இருதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தபோது முதலமைச்சர் காப்பீட்டைத்தான் பயன்படுத்தினோம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்பதும், அறுவை சிகிச்சைப் பட்டியலில் உள்ளவற்றுக்கு முன் அனுமதி கிடைத்தால் பணமே கட்ட வேண்டியதில்லை என்பதும் பெரிய ஆறுதல். அனுமதியும் மறுநாளே வந்துவிட்டது. ஆனால் கோவையில் நாங்கள் சேர்த்த தனியார் மருத்துவமனை, அனுமதி வரும் வரைக்கும் என்று சொல்லி 15,000 ரூபாய் முன்பணம் கேட்டு வாங்கிக்கொண்டது. காப்பீட்டு நோயாளியிடம் அப்படி வாங்கக் கூடாது என்பது தெரிந்து, 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொன்ன பிறகே பணம் திரும்பியது. மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டுத் தொடர்பு அலுவலரை முதல் நாளே தேடிப் பிடிக்காதது எங்கள் தவறு. பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்குக் காபி வாங்கிக் கொடுப்பதிலேயே அந்த நாள் போய்விட்டது.

வீடு திரும்பிய பிறகுதான் இத்திட்டத்தின் எல்லை புரிந்தது. உள்நோயாளிக்கான சிகிச்சைக்கு வாரிக் கொடுக்கும் இந்தக் காப்பீடு, சில நாள் மருந்தோடு கையைக் கழுவிவிடுகிறது; ஸ்டென்ட் வைத்தவருக்கோ இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையும் கொழுப்புக்கான மாத்திரையும் மாதா மாதம் வேண்டும். அந்த இடத்தை நிரப்புவது இ.எஸ்.ஐ.தான். அதன் மருந்தகத்தில் வெளிநோயாளிக்கும் வைத்தியமும் மருந்தும் உண்டு என்பதால், டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டி அங்கே மருந்து வாங்கத் தொடங்கினோம். அறுவை சிகிச்சைக்கு ஓர் அட்டை, அதற்குப் பிந்தைய மாதங்களுக்கு மற்றோர் அட்டை என்று பிரித்துக்கொள்ளலாம் என எந்த அலுவலகத்திலும் ஒருவரும் சொல்லவில்லை என்பதே என் பெரிய மனக்குறை.

இ.எஸ்.ஐ.யில் சேர்த்தபோது எங்கள் கம்பெனி எழுத்தர் அம்மாவின் பெயருக்கும் என்னுடைய திருப்பூர் மருந்தகத்தையே பதிந்திருந்தார். குடும்பத்தார் வேறு ஊரில் இருந்தால் அவர்களுக்கென்று அந்தப் பக்கத்து மருந்தகத்தைக் குறிப்பிட வழி இருக்கிறது. அதை மாற்றிப் பதியும் வரையில், ஞாயிறுதோறும் பவானி பஸ்ஸில் மாத்திரைப் பையை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.