ரெய்ம்ஸா, பெர்லினா: ஜெர்மன் சரணடைவின் எந்த ஆவணத்தை எடுப்பது?

இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945 மே மாதத்தில் ஜெர்மன் படை இரண்டு முறை சரணடைவில் கையெழுத்திட்டது. எதை மேற்கோள் காட்டுவது என்ற குழப்பம் இன்றும் தொடர்கிறது.

கையெழுத்து
ரெய்ம்ஸ் (பிரான்ஸ்): மே 7, அதிகாலை 2.41. ஜெர்மன் தரப்பில் தளபதி யோடல் ஒருவரே.
பெர்லின், கார்ல்ஸ்ஹோர்ஸ்ட் பகுதி: ஜெர்மன் தளபதிகள் கைட்டல், ஃப்ரீடபுர்க், ஸ்டும்ஃப். தரை, கடல், வான் மூன்று படைகளுக்கும் ஆள் உண்டு. சட்ட வலு இங்குதான் கூடுகிறது. ரெய்ம்ஸில் சோவியத் பிரதிநிதி சுஸ்லோபாரோவ் மாஸ்கோவின் ஒப்புதல் வருமுன்பே கையெழுத்திட்டார். சோவியத் தரப்பு இரண்டாவது நிகழ்வைக் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாசகம்
பெரும்பகுதி ஒன்றே. பெர்லின் ஆவணத்தின் 2ஆம் பிரிவில் மட்டும் ஒரு முக்கியச் சேர்க்கை: முழுமையாக ஆயுதம் களைந்து, ஆயுதங்களை அந்தந்த இடத்து நேச நாட்டுத் தளபதியிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த ஆவணத்தின் அதிகாரபூர்வ மொழிகள் ஆங்கிலமும் ரஷ்யமும்; ஜெர்மன் அல்ல.

தேதி
அதிகம் தவறுவது இங்கேதான். பெர்லின் ஆவணத்தில் மே 8 என்றிருந்தாலும், கையெழுத்தானது நள்ளிரவைத் தாண்டி. ஆனால் போர்நிறுத்த நேரம் இரண்டிலும் ஒன்றே: மே 8, மத்திய ஐரோப்பிய நேரம் இரவு 11.01. மாஸ்கோவில் அப்போது மே 9 பிறந்துவிட்டது.

சண்டை எப்படி முடிவுக்கு வந்தது என எழுதுவோருக்கு ரெய்ம்ஸ் போதும். சட்டம், ஆயுதக் களைவு பற்றி எழுதுவோர் பெர்லினையே எடுக்கவும்.